ஈஸா நபியின் அற்புதங்கள்: கிறித்தவ வேத ஏடுகளை நாம் விளங்குவது எவ்வாறு?

சில திங்களுக்கு முன்னர் ஒரு தாயார் நமக்குக் கடிதம் ஒன்று வரைந்திருந்தார். அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் ஓதுகிறான். அடுத்த வீட்டுக் கிறித்தவப் பையன் அவனுக்கு உற்ற கூட்டாளி. ஒரு மாலைப்பொழுது திண்ணையில் அமர்ந்திருந்தபோது, தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டுவந்த கதையை அந்தப் பையன் சொன்னானாம். இறந்து நான்கு நாளாகிவிட்ட லாசரு என்பவரை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பினார் என்பதே அக்கதை. நம் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். "செத்தவன் எப்படிடா எழுந்து வருவான்? எல்லாம் கட்டுக்கதை" என்றான். கூட்டாளி கண்கலங்கி எழுந்து போனவன், பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இரவில் மகன், "உம்மா, நம்ம மார்க்கத்தை நான் விட்டுக்கொடுக்கல்லே" என்று பெருமையோடு சொன்னபோது தாயாரும் மகிழ்ந்துதான் போனார். மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் திருக்குர்ஆனைத் தமிழாக்கத்தோடு ஓதிக்கொண்டிருந்தார். ஆலஇம்ரான் அத்தியாயம் வந்தது. அங்கே ஈஸா நபி (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அனுமதியால் இறந்தோரை உயிர்ப்பித்த செய்தி இருந்தது. "அதைப் படித்ததும் என் கை நடுங்கிவிட்டது. என் பிள்ளை யாரை எள்ளி நகைத்தான்? அவனுக்கு நான் என்ன சொல்லித் திருத்துவது? அவர்களுடைய வேதத்திலுள்ள அற்புதக் கதைகளை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?" என்று கேட்டு அத்தாயார் கடிதத்தை முடித்திருந்தார்.

இந்த ஐயம் பல வீடுகளில் உண்டு. ஆகவே அனைவரும் அறியும்படி விடையைச் சற்று விரிவாகவே தருகிறோம்.

நமது நம்பிக்கை என்ன?

ஈஸா நபி (அலை) அவர்களின் அற்புதங்களை ஏற்பது நமது ஈமானைச் சேர்ந்தது. தந்தையின்றிப் பிறந்தது, தொட்டிலில் பேசியது, களிமண்ணால் பறவையுருச் செய்து ஊத அது உயிர்ப்பறவையானது, பிறவிக் குருடரையும் வெண்குஷ்டரையும் குணப்படுத்தியது, இறந்தோரை எழுப்பியது, சீடர்களான ஹவாரிய்யூன்கள் வேண்ட வானிலிருந்து உணவுத்தட்டு இறங்கக் கேட்டது ஆகிய அனைத்தும் திருமறையில் உள்ளவை. இவற்றுள் தொட்டில் பேச்சும் களிமண் பறவையும் கிறித்தவர்களின் நான்கு சுவிசேஷங்களில்கூட இல்லை. ஆகவே, இயேசுவின் அற்புதத்தைக் கேட்டுச் சிரிக்கும் முஸ்லிம், தன்னையறியாமல் தன் வேதத்தையே பார்த்துச் சிரிக்கிறான்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளல் வேண்டும். அல்லாஹ் ஈஸா நபிக்கு அருளிய இன்ஜீலை நாம் நம்புகிறோம். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் பெயர்களில் வழங்கும் ஏடுகளோ அன்னாரின் வரலாற்றைப் பின்வந்தோர் கிரேக்க மொழியில் எழுதியவை. அவற்றுள் மாற்கு கி.பி. 70ஐ ஒட்டியும், யோவான் அந்நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டன என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அவ்வேடுகளிலுள்ள செய்தி திருக்குர்ஆனோடு ஒத்திருந்தால் ஏற்கிறோம். அதற்கு முரணாக இருந்தால் ஏற்பதில்லை. ஒப்பும் முரணும் இல்லாதவற்றில், வேதக்காரர்களை மெய்ப்பிக்கவும் வேண்டாம், பொய்ப்பிக்கவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ ஷரீபில் காண்கிறோம். லாசருவின் பெயர் திருக்குர்ஆனில் இல்லை. ஆனால் ஈஸா நபி இறந்தோரை எழுப்பியது உண்டு. எனவே "கட்டுக்கதை" என்று சொல்ல நம் பிள்ளைக்கு இடமே இல்லை.

அற்புதம் என்பது அடையாளம்

நபிமார்களின் அற்புதத்தை நம் ஆலிம்கள் 'முஃஜிஸா' என்பர். எதிர்ப்போரை இயலாதவராக்குவது என்பது அதன் கருத்து. இறைநேசர்களிடம் தோன்றுவதைக் 'கராமத்' என்பர். தீயவனிடம் இயற்கைக்கு மாறான ஒன்று தோன்றினால் அது 'இஸ்தித்ராஜ்'. அவனை மேலும் அழிவில் ஆழ்த்தும் சோதனை. ஆனால் திருமறை நபிமார்களின் அற்புதங்களுக்கு முஃஜிஸா என்ற சொல்லை ஆளவில்லை. 'ஆயத்' என்றே பெரிதும் சொல்கிறது. அடையாளம், சான்று என்பது அதன் பொருள். குர்ஆனின் வசனத்துக்கும் அதே பெயர். வானம், பூமி, மழை, இரவு, பகல் ஆகியவற்றுக்கும் அதே பெயர்.

இப்போது கிறித்தவ ஏடுகளைப் பாருங்கள். முதல் மூன்று சுவிசேஷங்கள் அற்புதத்தை 'டுனாமிஸ்', அதாவது வல்ல செயல், என்னும் கிரேக்கச் சொல்லால் குறிக்கின்றன. யோவானோ 'செமெயோன்' என்கிறார். அதன் பொருளும் அடையாளம் என்பதுதான்! அந்நூலில் இத்தகைய அடையாளங்கள் ஏழு என்று எண்ணுவது வழக்கம்.

அடையாளம் எதற்கு? வழிகாட்டிப் பலகையைக் கண்டவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அது காட்டும் ஊருக்குப் போகிறான். அற்புதமும் அத்தகையதே. ஆகவே அக்கதைகளைப் படிக்கும்போது, 'இது எப்படி நடந்தது?' என்பதோடு நில்லாமல், 'இது எதைக் காட்டுகிறது?' என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கச் சில உதாரணங்கள் தருவோம்.

ஐந்து ரொட்டி

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த செய்தி நான்கு சுவிசேஷங்களிலும் உண்டு. ஊழியக் காலத்து அற்புதங்களில் நான்கிலும் இடம்பெற்றது இது ஒன்றே. மாலை மயங்கிவிட்டது. கூட்டத்தைக் கலைத்து அனுப்பிவிடலாம், அவரவர் போய் வாங்கி உண்ணட்டும் என்கின்றனர் சீடர்கள். நீங்களே உணவு கொடுங்கள் என்கிறார் ஈஸா நபி. இருப்பதோ 5 ரொட்டி, 2 மீன். அவை வாற்கோதுமை ரொட்டி என்றும், ஒரு சிறுவனிடம் இருந்தவை என்றும் யோவான் எழுதுகிறார். வாற்கோதுமை அந்நாட்டு ஏழைகளின் உணவு. அன்னார் வானை நோக்கி இறைவனைத் துதித்து ரொட்டியைப் பிட்டுச் சீடர் கையில் கொடுக்க, அவர்கள் பரிமாறுகின்றனர். எல்லோரும் உண்டபின் மீந்த துண்டுகள் வீணாகாதபடி 12 கூடைகளில் சேர்க்கப்பட்டன.

இது காட்டும் பொருளைக் கவனியுங்கள். பசித்தவனை அனுப்பிவிடுவது எளிது, உள்ளதைக் கொண்டு ஊட்டத் துணிவதே அடியானின் கடமை, பரக்கத் அல்லாஹ்வினுடையது. யூத வேதத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் வேறொன்றும் நினைவுக்கு வரும். எலிசா தீர்க்கதரிசி 20 வாற்கோதுமை ரொட்டிகளால் 100 பேருக்கு உணவளித்ததும், மீதி இருந்ததும் அவர்களுடைய அரசர்கள் நூலில் உள்ளது. நம்மில் அல்யஸஉ (அலை) என்று சொல்லப்படுபவர் அவரே என்பர்.

நமக்கும் இது புதிதன்று. ஹிஜ்ரி 5ல் அகழ்ப்போரின்போது ஜாபிர் (ரலி) அவர்கள், பெருமானார் பசியோடிருப்பதைக் கண்டு ஒரு சிறு ஆட்டையும் ஒரு ஸாஉ வாற்கோதுமையையும் கொண்டு உணவு செய்து இரகசியமாக அழைத்தார்கள். பெருமானார் (ஸல்) அகழ் தோண்டியோர் அனைவரையும் அழைத்துவந்துவிட்டார்கள். சுமார் 1000 பேர் உண்டபின்னும் சட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. ஜாபிரின் மனைவியார் மாவு குறையாமல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இதை நம்பும் நாம், அதைக் கேட்டு நகைப்பது நியாயமாகுமா?

தீண்டிய கை

மாற்கு முதல் அத்தியாயத்தில் குஷ்டரோகி ஒருவர் வருகிறார். மூஸா நபியின் பெயரால் வழங்கும் லேவியராகமச் சட்டப்படி அவர் ஊருக்கு வெளியே தனித்து வாழவேண்டியவர். தீட்டுள்ளவன் என்று தாமே கூவி அறிவிக்கவேண்டியவர். ஈஸா நபி ஒரு சொல்லால் குணப்படுத்தியிருக்கலாம். கையை நீட்டி அவரைத் தொட்டார்கள் என்று அவ்வேடு கூறுகிறது. எத்தனை ஆண்டுகளாக எவரும் தொடாத உடல்! குணமானபின், ஆலய குருவிடம் போய்க் காட்டு, விதித்த காணிக்கையைச் செலுத்து என்று அனுப்பினார்கள். ஏன்? குரு பார்த்துச் சொன்னால்தான் அவர் ஊருக்குள் நுழைய முடியும். மனைவி மக்களோடு சேர முடியும். நோயை நீக்கியது பாதி வேலை. மனிதரை மனிதரோடு சேர்த்தது மறுபாதி. ஷரீஅத்தைத் தள்ளிவிடாமல் அதன் வழியாகவே அனுப்பியதையும் நோக்குக.

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் துன்புற்ற பெண்ணின் செய்தியும் இத்தகையதே. வைத்தியர்களிடம் கைப்பொருள் முழுவதையும் இழந்தவள். லேவியராகமத்தின்படி அவள் படுத்த பாயும் அமர்ந்த இடமும் தீட்டு. கூட்டத்தில் ஒளிந்துவந்து ஆடையைத் தொட்டாள். ஈஸா நபி அவளை ஒளிந்து போக விடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் மகளே என்று அழைத்து, அச்சமின்றிச் செல்லும்படி அனுப்பினார்கள். மறைவிலே குணமாகியிருந்தால் ஊர் அவளைத் தீட்டுள்ளவளாகவே நடத்தியிருக்கும். நமது ஷரீஅத்தில் 'இஸ்திஹாளா' உள்ள பெண் ஒளு செய்து தொழலாம், நோன்பு நோற்கலாம் என்று எளிதாக்கப்பட்டிருப்பதை அறிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு, அப்பெண்ணின் துயரம் நன்கு விளங்கும்.

பார்வை பெற்ற இருவர்

மாற்கு எட்டாம் அத்தியாயத்தில் விசித்திரமான ஒரு செய்தி. பெத்சாயிதா ஊரில் ஒரு குருடரின் கண்ணைத் தொட்டபோது அவருக்கு அரைகுறைப் பார்வையே வந்தது. மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தனர். மீண்டும் தொட்டபின்பே தெளிவு வந்தது. வல்ல செயல் ஏன் இருமுறை?

முன்னும் பின்னும் படித்தால் விடை கிடைக்கிறது. இதற்குச் சற்று முன்தான், ரொட்டி குறைவாக இருக்கிறதே என்று படகிலே கவலைப்பட்ட சீடர்களை, இத்தனை கண்டும் இன்னும் உணரவில்லையா என்று ஈஸா நபி கடிந்துகொள்கிறார்கள். இதற்குப் பின் பேதுரு அன்னாரை மஸீஹ் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் மஸீஹுக்குத் துன்பம் வரும் என்பதை ஏற்க மறுக்கிறார். பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை! பத்தாம் அத்தியாய இறுதியில், எரிகோவின் வழியோரம் பிச்சையெடுத்த பர்திமேயு என்பவர் உடனே பார்வை பெற்றுப் பின்தொடர்ந்து நடக்கிறார். ஆக, கண் திறந்த இரு செய்திகளுக்கும் நடுவே, உள்ளம் மெல்லத் திறக்கும் சீடர்களின் செய்தியை அந்நூலாசிரியர் வைத்திருக்கிறார். குருடாவது கண்களல்ல, நெஞ்சங்களிலுள்ள உள்ளங்களே என்னும் கருத்தை நாமும் திருமறையில் (22:46) ஓதுகிறோம் அல்லவா?

எங்கே பிரிகிறோம்?

இத்தனையும் சொன்னபின், நாம் பிரியும் இடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். யோவான் கூறும் ஏழு அடையாளங்களும் இயேசுவின் தெய்வீக மகிமையைக் காட்டுகின்றன என்று கிறித்தவர்கள் கொள்கின்றனர். அவை அன்னாரை அனுப்பிய அல்லாஹ்வின் ஆற்றலைக் காட்டுகின்றன என்று நாம் கொள்கிறோம். அல்மாயிதா அத்தியாயத்தின் 110ஆம் வசனத்தில், இவ்வற்புதங்களை எண்ணிக் கூறும்போது 'என் அனுமதி கொண்டு' என்பது நான்குமுறை வருகிறது. ஒவ்வோர் அற்புதத்தின் மீதும் உடையவனின் முத்திரை!

அற்புதம் ஒன்றே ஒருவரைக் கடவுளாக்கிவிடாது என்பதற்கு அவர்களுடைய ஏடுகளிலும் சான்றுகள் பல. நாயீன் ஊரில் விதவையின் ஒரே மகனை எழுப்பித் தாயிடம் ஒப்படைத்த செய்தி லூக்காவில் உண்டு. அதைக் கண்ட மக்கள், பெரிய தீர்க்கதரிசி ஒருவர் தோன்றியிருக்கிறார் என்றே வியந்தனர். ஏனெனில் சாறிபாத் ஊர் விதவையின் மகனை எலியாவும், சூனேம் ஊர்ப் பெண்ணின் மகனை எலிசாவும் எழுப்பியதை அவர்கள் அறிந்திருந்தனர். லாசருவின் கல்லறை முன்னே ஈஸா நபி கண்ணீர் விட்டதும், கண்களை உயர்த்தி இறைவனைப் பிரார்த்தித்ததும், தம்மை அவன் அனுப்பினான் என்று மக்கள் நம்புவதற்காகவே அவ்வாறு வேண்டுவதாகச் சொன்னதும் யோவானிலேயே உள்ளன.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அத்தியாயம் இன்னும் தெளிவானது. லீஸ்திரா ஊரில் ஒரு முடவரைப் பவுல் நடக்கச் செய்ததும், தேவர்களே மனித உருவில் இறங்கிவிட்டனர் என்று ஊரார் காளைகளையும் மாலைகளையும் கொண்டுவந்து பலியிட முனைந்தனர். பவுலும் பர்னபாவும் தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்களே என்று கதறித் தடுத்தனர்.

இவற்றைக் காட்டினால் கிறித்தவ நண்பர் உடனே ஒப்புக்கொள்வார் என்று நாம் எண்ணவேண்டாம். அவர்கள் தங்கள் கொள்கைக்கு வேறு வாசகங்களையும் ஆதாரமாகக் கொள்கிறார்கள். குறிப்பாக, சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தார் என்பதே அவர்களுக்கு அற்புதங்களில் தலையாயது. சிலுவை மரணத்தைத் திருமறை மறுக்கிறது. ஆகவே அதில் நாம் வேறுபடுகிறோம். கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சை மதுவான செய்தியும் நம் பிள்ளைகளைக் குழப்பும். அது திருக்குர்ஆனில் இல்லை. மெய்யென்றும் சொல்லோம், பொய்யென்றும் சொல்லோம். மது நமக்கு முற்றிலும் ஹராம் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அற்புதத்தைத் தேடி அலையாதீர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 505ல் மறைந்தார்கள்) 'அல்முன்கித்' என்னும் நூலில் ஓர் உவமை சொல்வார்கள். பத்தைவிட மூன்று பெரிது என்று ஒருவன் கூறி, அதற்குச் சான்றாகக் கைத்தடியைப் பாம்பாக்கியும் காட்டினால், அவனது திறமையை வியப்பேனே தவிர, பத்து பெரிது என்ற என் அறிவு ஆட்டங்காணாது என்பது அதன் சாரம். கிறித்தவ அறிஞர் அகஸ்டின் (கி.பி. 430ல் மறைந்தவர்), ஐந்து ரொட்டியைப் பெருக்கியதைவிடச் சில விதைகளிலிருந்து உலகுக்கெல்லாம் விளைச்சல் தருவது பெரிய அற்புதம், நாள்தோறும் நடப்பதால் அதை எவரும் வியப்பதில்லை என்ற கருத்தை விளக்கியிருக்கிறார். நாள்தோறும் காணும் மழையையும் பயிரையும் ஆயத் என்றழைக்கும் திருமறையை ஓதுவோருக்கு இது அந்நியக் கருத்தன்று.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமானாரின் வாழ்விலே ஒரு நிகழ்ச்சி. ஹிஜ்ரி 10ல் அருமை மகனார் இப்ராஹீம் மழலைப் பருவத்திலேயே மறைந்த நாளன்று சூரிய கிரகணம் உண்டாயிற்று. நபியின் மகனுக்காக ஞாயிறும் இருண்டது என்று மக்கள் பேசலாயினர். பொய்யான நபியாக இருந்தால் மௌனமாக இருந்திருப்பார். மகனை அடக்கிய துயரத்திலும் பெருமானார் (ஸல்) அவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் இரு அடையாளங்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமடைவதில்லை என்று அறிவித்துத் தொழுகையில் ஈடுபட்டார்கள். தமக்கு வலியவந்த அற்புதப் புகழை மறுத்து உண்மையை நிலைநாட்டிய இதனைவிட, அன்னாரின் வாய்மைக்கு வேறு சான்று வேண்டுமோ?

அத்தாயாருக்கு நமது பதில்

சகோதரியே! மகனை அருகில் அமர்த்தி ஆலஇம்ரானின் 49ஆம் வசனத்தை ஓதிக்காட்டுங்கள். "வாப்பா, நீ சிரித்தது நம்ம நபி ஒருவருடைய முஃஜிஸாவைப் பார்த்து" என்று பதமாகச் சொல்லுங்கள். அடிக்கவேண்டாம், அவன் மார்க்கப் பற்றினால் செய்தான், அறியாமையினால் தவறினான். அறியாமல் கூறியதற்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்யச் சொல்லுங்கள். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு நீங்களே அடுத்த வீட்டுக்குப் போங்கள். அந்தப் பிள்ளையின் மனத்தை நோகடித்ததற்கு இவன் வாயாலேயே வருத்தம் தெரிவிக்கட்டும். வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யாதீர்கள் என்பது இறைக்கட்டளை (29:46) அன்றோ?

கொள்கையை விட்டுக்கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கூட்டாளி கேட்டால் அவன் இப்படிச் சொல்லட்டும்: "ஈஸா நபி இறந்தவரை எழுப்பினார்கள் என்று நாங்களும் நம்புகிறோம். அல்லாஹ்வின் அனுமதியால் எழுப்பினார்கள் என்று நம்புகிறோம்." இந்த இரண்டே வாக்கியத்தில் உறவும் இருக்கிறது, தவ்ஹீதும் இருக்கிறது. நகைப்பிலோ இரண்டுமே இல்லை.

வல்ல அல்லாஹ் தன் அடையாளங்களைக் கண்டு அவை காட்டும் வழியில் நடக்கும் நற்பேற்றை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.